எலும்பிலிருந்தா, உருவத்திலிருந்தா? கேமுக்குக் கதாபாத்திரம் செய்யக் கற்கும் வழிகள்

நான் முதன்முதலில் செய்த கதாபாத்திரம் ஒரு காவல் வீரன். கவசம், இடைவார், முழங்கைக் காப்பு என்று இரண்டு மாதம் மாடலிங்கிலேயே போனது. அப்புறம் உள்ளே எலும்புகளை வைத்து, கேமை ஓட்டும் எஞ்சினுக்குள் ஏற்றி, கையைத் தலைக்கு மேல் தூக்க வைத்தேன். தோள்பட்டை உள்ளே அமுங்கியது. அக்குளில் மேற்பரப்பை ஆக்கும் தட்டைத் துண்டுகளான பாலிகான்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொண்டன. மார்புக் கவசமும் கையோடு சேர்ந்து மேலே இழுபட்டது. எலும்பு இழுக்கும் அளவான வெயிட்டைத் திருத்தினேன், எலும்பை நகர்த்தினேன், எதுவும் உதவவில்லை. தோளைச் சுற்றி ஓட வேண்டிய பாலிகான் வரிசைகளை முதல் வாரத்திலேயே தப்பாகப் போட்டிருக்கிறேன் என்பது ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது. முதல் வாரத்துத் தவறு பத்தாவது வாரத்தில் கண்ணில் பட்டது. நடுவில் செய்த யூவி, டெக்ஸ்சர் எல்லாம் அந்தத் தவறின் மேல் கட்டியவை. அத்தனையையும் பிரித்துப் போட வேண்டியதாயிற்று.

இந்த வேலையைக் கற்க எந்த வழி நல்லது என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தத் தோள்தான் நினைவுக்கு வரும். வழிகளை ஒப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோலும் அதிலிருந்து வந்ததுதான்: ஒரு தவறைச் செய்த நாளுக்கும் அது கண்ணில் படும் நாளுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? அது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு சீக்கிரம் கற்கலாம். எந்த மென்பொருள், எந்த எஞ்சின் என்ற கேள்விகளையெல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வேலையின் வரிசை யாருக்கும் ஒன்றுதான். முதலில் உருவத்தைப் பாலிகான் வலையான மெஷ்ஷாகச் செய்ய வேண்டும். தைத்த சட்டையைத் தையல் பிரித்து விரிப்பது போல அதன் மேற்பரப்பை விரித்து யூவி போட வேண்டும், அதன் மேல் நிறம் தரும் படமான டெக்ஸ்சரைப் பூச வேண்டும். உள்ளே எலும்புக்கூடு வைத்து, எந்த எலும்பு எந்தப் புள்ளியை எவ்வளவு இழுக்கும் என்று வெயிட் கொடுக்க வேண்டும். பிறகு அசைவு, எக்ஸ்போர்ட். கடைசியாக, எந்த அசைவு எப்போது வர வேண்டும் என்று எஞ்சினுக்குள் இணைக்க வேண்டும். இதில் எந்தக் கண்ணியை முதலில் கையில் எடுப்பது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

மாடலிங்கில் தொடங்கி வரிசையாகப் போவது

பெரும்பாலோர் இயல்பாக இதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், நானும் அப்படித்தான். மனதில் ஒரு உருவம் இருக்கிறது, அதை முதலில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை. களிமண் பிசைவது போல ஸ்கல்ப்ட் செய்கிறோம். பாலிகான் எண்ணிக்கை லட்சங்களில் போய் நிற்கிறது. பிறகு அதன் மேலேயே குறைந்த பாலிகான்களில் புதிதாக வலை பின்னுகிறோம், ரீடோபாலஜி என்பது அதுதான். நுணுக்கங்களை, மேடுபள்ளம் இருப்பது போலக் காட்டும் படமான நார்மல் மேப்பில் சுட்டு எடுத்துக்கொள்கிறோம்.

கதாபாத்திரச் சிற்பியாக வேலைக்குப் போக விரும்புகிறவர் இதில் எப்படியும் இறங்கித்தான் ஆக வேண்டும். உருவம் பார்க்கும் கண், உடற்கூற்றின் அறிவு எல்லாம் இங்கேதான் வளரும். ஆனால் அசையும் உருவத்தைச் செய்யக் கற்பதற்கு இது மிக மெதுவான வழி. மூட்டுகளில் வரிசைகள் எப்படி ஓட வேண்டும் என்று எலும்பு மாட்டிப் பார்க்காத ஒருவருக்குத் தெரிய வழியே இல்லை. அது தெரியாமல் மூன்று மாதம் சிற்பம் செதுக்கினால் மூன்றாம் மாத இறுதியில்தான் தெரியவரும். அதற்குள் உருவத்தின் மேல் பாசம் வந்துவிடுகிறது, பிரிக்க மனம் வருவதில்லை. பலர் இந்த இடத்தில்தான் வேலையை மூடி வைக்கிறார்கள்.

தானே எலும்பு மாட்டித் தரும் சேவை

மிக்ஸமோ 2008இல் தொடங்கிய நிறுவனம், 2015இல் அடோபி வாங்கியது. அடோபி கணக்கு இருந்தால் இலவசம். உங்கள் மாடலை ஏற்றிவிட்டு, முகவாய், இரண்டு மணிக்கட்டு, இரண்டு முழங்கை, இரண்டு முழங்கால், இடுப்புக்குக் கீழே கால்கள் பிரியும் இடம் என எட்டுப் புள்ளிகளை வைத்தால் போதும். கொஞ்ச நேரத்தில் எலும்பும் வெயிட்டும் பொருத்தி ஆட வைத்துக் காட்டிவிடும். விரல்கள் முழுதாக வேண்டுமென்றால் 65 எலும்பு, விரலே வேண்டாம் என்றால் 25. நடை, ஓட்டம், குதித்தல், விழுதல் என மோஷன் கேப்சரில், அதாவது உண்மை மனிதர்களை அசைய வைத்துப் பதிவு செய்து, எடுத்த அசைவுகள் குவிந்து கிடக்கின்றன.

என் அளவுகோலில் இதற்கு மிக நல்ல மதிப்பெண் கிடைக்கும். மெஷ்ஷில் தோள் தப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மாடல் பாதி முடிந்த நிலையிலேயே இதில் ஏற்றி, கை தூக்கும் ஒரு அசைவைப் போட்டுப் பார்ப்பது இப்போது எனக்கு வழக்கமாகிவிட்டது. கேமைச் சீக்கிரம் முடிக்க வேண்டிய புரோகிராமருக்கும் இதைவிட வேறு யோசனை சொல்ல மாட்டேன்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தவறு கண்ணில் படுகிறது, ஆனால் காரணம் புரிவதில்லை. வெயிட்டை நீங்கள் கொடுக்கவில்லை, எலும்பை நீங்கள் வைக்கவில்லை, எனவே எதைத் திருத்துவது என்று தெரியாது. இரண்டு கால் உருவம் மட்டுமே ஏற்கும். முழங்கால் வரை வரும் அங்கி, நீண்ட சடை, வால் இவற்றுக்கு எலும்பு தராது. இன்னொன்று, இதன் எலும்புக்கூட்டில் தாய்-சேய் வரிசையில் இடுப்பெலும்புதான் எல்லாவற்றுக்கும் மேல், தரையில் மொத்த உருவத்தையும் நகர்த்தும் ரூட் எலும்பு தனியாகக் கிடையாது. அசைவே உருவத்தை முன்னே நகர்த்த வேண்டும் என்று அன்ரியல் எஞ்சினில் ரூட் மோஷன் அமைக்கப் போனால் இது குறுக்கே வந்து நிற்கும். யாராவது ரூட் எலும்பைச் சேர்த்துத் தரும் கருவியைக் கொடுப்பார்கள், அது வேலை செய்யும், ஏன் வேலை செய்தது என்று தெரியாமலே அடுத்த கட்டத்துக்குப் போவீர்கள். இதே குடும்பத்தில் ரியல்யூஷன் தரும் அக்யூரிக் என்ற இலவசக் கருவியும் இருக்கிறது. கணினியிலேயே நிறுவிக்கொள்ளலாம், மூட்டுகளைக் கொஞ்சம் நுணுக்கமாகத் திருத்தவும் விடும். நிறையும் குறையும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான்.

உருவத்தையே செய்து தரும் கருவிகள்

அன்ரியலைத் தயாரிக்கும் எப்பிக் 2021இல் அறிமுகப்படுத்திய மெட்டாஹியூமன் உண்மையான மனித முகத்துக்கு மிக அருகில் போகிறது. 2025இலிருந்து அன்ரியலைத் தாண்டி மற்ற எஞ்சின்களிலும் பயன்படுத்த உரிமம் தந்திருக்கிறார்கள். பிக்ஸிவ் நிறுவனத்தின் விராய்ட் ஸ்டுடியோவில் ஜப்பானிய அனிமே பாணி உருவங்களைச் செய்யலாம். அது விஆர்எம் என்ற வடிவில் வெளியே வரும். இரண்டுமே அருமையான கருவிகள், ஆனால் இவற்றில் நீங்கள் கற்பது ஸ்லைடரை நகர்த்துவது. மெட்டாஹியூமனின் முக ரிக்கை, அதாவது எலும்புகளும் அவற்றை ஆட்டும் கட்டுப்பாடுகளும் சேர்ந்த அமைப்பை, திறந்து பார்த்தால் தொடக்கக்காரருக்குத் தலை சுற்றும். கதைக்காட்சிக்கு ஒரு மனிதர் வேண்டும், அசைவில் மட்டும் கவனம் செலுத்த வேண்டும் என்றால் எடுங்கள். கற்றுக்கொள்ள வந்தவர் இங்கே அதிக நாள் தங்க வேண்டாம்.

தயார் ரிக்கில் அசைவு மட்டும்

யாரோ நன்றாகச் செய்து இலவசமாகத் தந்த ரிக்கை எடுத்துக்கொண்டு, மாடலிங்கைத் தொடாமல் அசைவு மட்டும் பழகுவது நான்காவது வழி. அனிமேட்டராக வேலைக்குப் போக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கற்கிறார்கள், அது சரியும்கூட. எடை எங்கே விழுகிறது, உடம்பு எதற்கு முன்கூட்டியே தயாராகிறது, எங்கே நிதானிக்கிறது என்பதையெல்லாம் வேறு எந்தக் கவலையும் இல்லாமல் பார்க்கலாம். தப்பாக வைத்த கீஃப்ரேம், அதாவது நாம் குறித்து வைக்கும் போஸ், அடுத்த நொடியே பிளே செய்தால் தெரியும். இடைவெளி என்று பார்த்தால் எல்லா வழியிலும் குறைவு இதற்குத்தான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சினிமாவுக்கென்று செய்த ரிக்குகள் எஞ்சினுக்கு வராது. நீட்டித்துச் சுருக்கும் எலும்புகள், உருவத்தை வளைக்கும் கூண்டான லாட்டிஸ், ஷேப்பைத் திருத்தும் சூத்திரங்கள் எல்லாம் அந்த மென்பொருளுக்குள் மட்டுமே உயிரோடு இருப்பவை. ரிக்கை எடுத்த அன்றே ஒரு சின்ன அசைவை எக்ஸ்போர்ட் செய்து எஞ்சினில் பாருங்கள். மூன்று வாரம் அசைவு செய்துவிட்டு அப்புறம் பார்த்தால் என் வீரனின் கதைதான்.

நான் சொல்லும் வழி

இந்த நான்கையும் பழகிப் பார்த்த பிறகு, கற்க வருகிற யாருக்கும் ஐந்தாவதாக ஒன்றைத்தான் சொல்கிறேன். தீப்பெட்டிகளை அடுக்கியது போன்ற ஒரு பொம்மையை நீங்களே செய்யுங்கள். 300லிருந்து 500 முக்கோணம் போதும். அதை ஒரு வாரத்துக்குள், மெஷ்ஷிலிருந்து எஞ்சின் வரை எல்லாக் கட்டங்களையும் தாண்டிக் கொண்டுபோய் நிறுத்துங்கள். முகம் வேண்டாம், விரல் வேண்டாம். நாலைந்து நிறச் சதுரங்கள் கொண்ட ஒரு சின்னப் படத்தை டெக்ஸ்சராக வைத்து, யூவி துண்டுகளைச் சுருக்கி அந்தந்தச் சதுரத்தின் மேல் வைத்துவிட்டால் வண்ணம் பூசும் வேலையும் முடிந்தது.

உயரம் 1.8 மீட்டர் என்று முதலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எலும்பு 16 போதும்: பாதங்களுக்கு நடுவே தரையில் ஒரு ரூட், இடுப்பு, முதுகு, தலை, இரண்டு பக்கமும் மேல்கை, முன்கை, உள்ளங்கை, தொடை, கணுக்கால் வரையிலான கீழ்க்கால், பாதம். ரூட்டை விட்டுவிட்டால் 15. யூனிட்டி எஞ்சின் ஒரு எலும்புக்கூட்டை மனித உருவமாக ஏற்கக் குறைந்தபட்சம் கேட்பதும் அந்த 15தான்.

முழங்கையில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் இந்தக் கலையில் பாதி அங்கேயே இருக்கிறது. முழங்கை இருக்கும் இடத்தில் ஒரே ஒரு வரிசை வைத்து 90 டிகிரி மடக்கினால், ரப்பர் குழாயை மடித்தது போல உள்பக்கம் தட்டையாகி, கை அந்த இடத்தில் மெலிந்துவிடும். இப்போது மூன்று வரிசை வையுங்கள். நடு வரிசையில் மேல்கைக்கு 0.5, முன்கைக்கு 0.5 வெயிட். அதற்கு மேல் வரிசையில் மேல்கைக்கு 0.85, முன்கைக்கு 0.15. கீழ் வரிசையில் இதைத் திருப்பிப் போடுங்கள். மடக்கினால் முழங்கை முழங்கையாகத் தெரியும். வெளிப்பக்கத்தில் வரிசைகளைச் சற்று விரித்தும் உள்பக்கத்தில் நெருக்கியும் வைத்தால் இன்னும் நன்றாக வரும். ஒரு மூட்டை இப்படிக் கையால் சரி செய்தவருக்கு முழங்காலும் இடுப்பும் விரலும் ஒரே பாடத்தின் வேறு வேறு பக்கங்கள்.

இதே பொம்மையில் இன்னொரு பொறியையும் பார்த்துவிடலாம். உள்ளங்கை எலும்பை 180 டிகிரி முறுக்குங்கள். பிழிந்த துணி போல மணிக்கட்டு ஒடுங்கிப்போகும். எஞ்சின்கள் ஒவ்வொரு புள்ளிக்கும் எலும்புகள் தரும் இடங்களின் சராசரியை எடுக்கின்றன. எதிரெதிரே இருக்கும் இரண்டு இடங்களின் சராசரி நடு அச்சில்தான் விழும், அதனால்தான் ஒடுங்குகிறது. இலவச முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில் 'பிரிசர்வ் வால்யூம்' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைத் தட்டினால் வேறு கணக்கில் போட்டு அழகாகக் காட்டிவிடும். ஆனால் அந்தக் கணக்கு எக்ஸ்போர்ட்டில் உடன் வராது. பிளெண்டரில் நன்றாக இருந்த கை எஞ்சினில் மறுபடி ஒடுங்கி நிற்கும். எனவே அதைத் தொடாமல், முன்கைக்குள் பாதி முறுக்கை வாங்கிக்கொள்ளும் ஒரு துணை எலும்பு வைப்பதே சரி. ஒரு புள்ளியை எத்தனை எலும்பு இழுக்கலாம் என்பதிலும் இப்படித்தான். யூனிட்டி இயல்பாக நான்கை மட்டும் எடுத்துக்கொள்ளும், மற்ற எஞ்சின்களிலும் நான்குக்குள் அடக்கினால் நல்லது. பிளெண்டரிலேயே நான்காகக் குறைத்துவிட்டால் பிறகு ஆச்சரியம் ஏதும் வராது.

பொம்மை எஞ்சினில் நடந்த பிறகு, அடுத்த உருவத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஆழமாகச் செய்யுங்கள். நான் அந்தக் காவல் வீரனை மறுபடி செய்தபோது தலையைக்கூட செய்யவில்லை. மார்பு, தோள், ஒரு கை, நான்கு எலும்பு. அதை மட்டும் எஞ்சினில் போட்டு, கையைத் தூக்கி, முன்னே நீட்டி, பின்னே கட்டிப் பார்த்தேன். தோள் கவசத்தைத் தனித் துண்டாக வெட்டித் தோளெலும்புக்கு மட்டும் முழு வெயிட் கொடுத்ததும் இழுபடுவது நின்றது. உடம்பின் மீதிப் பாகங்களை அதற்குப் பிறகுதான் தொட்டேன்.

எந்த மென்பொருள்

பிளெண்டரா மாயாவா என்ற விவாதம் தேவைக்கு மேல் சூடாக நடக்கிறது. தொடக்கக்காரருக்கு என் பதில் பிளெண்டர். இலவசம் என்பதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அதன் நிலைத்த தன்மை. 2002இல் பயனர்களே 1,00,000 யூரோ திரட்டி அதன் மூலநிரலைப் பொதுவில் கொண்டுவந்தார்கள். எந்த நிறுவனம் விற்றாலும் மூடினாலும் நீங்கள் கற்றது கையை விட்டுப் போகாது. 2019இல் வந்த 2.80 பதிப்பிலிருந்து முகப்பும் புதியவருக்குப் பழகும்படி மாறிவிட்டது. மாடலிங், யூவி, வெயிட், அசைவு எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால் முழங்கையைத் திருத்தப் பின்னே போவது ஒரு தாவலில் முடிகிறது.

மாயா 1998இல் வந்தது, இப்போது ஆட்டோடெஸ்கிடம் இருக்கிறது. ரிக்கிங்கிலும் அனிமேஷனிலும் பெரிய ஸ்டுடியோக்கள் பல அதைச் சுற்றியே தங்கள் கருவிகளைக் கட்டி வைத்திருக்கின்றன. அங்கே அனிமேட்டராகப் போவதுதான் குறிக்கோள் என்றால் மாயா தெரிந்திருக்க வேண்டும். தகுதியுள்ள மாணவர்களுக்கு இலவச உரிமம் உண்டு. மற்றவர்களுக்குச் சந்தா, அது சிறிய தொகை இல்லை. முதல் வருடத்தை பிளெண்டரில் கழித்துவிட்டு, வேலை நெருங்கும்போது மாயாவுக்கு மாறினால் எதுவும் வீணாகாது. வெயிட் என்பதும் ஐகே (பாதத்தை நகர்த்தினால் முழங்கால் தானே மடங்கும் முறை) என்பதும் எங்கேயும் ஒன்றுதான், பொத்தான் இருக்கும் இடம்தான் வேறு.

3டிஎஸ் மேக்ஸ் விண்டோஸில் மட்டும் ஓடும். ஏற்கெனவே அதைப் பயன்படுத்தும் குழுவில் சேர்ந்தால் கற்றுக்கொள்ளுங்கள். கட்டங்கட்டமான பிக்சல் பாணி உருவம் மட்டும் போதும் என்றால் பிளாக்பெஞ்ச் இலவசம், ஒரே மாலையில் பழகிவிடும்.

எலும்பை நீங்களே வைப்பதா, ரிகிஃபையா

பிளெண்டரோடு வரும் ரிகிஃபை ஒரு பொத்தானில் முழு ரிக் கட்டித் தரும். கட்டுப்பாட்டு வளையங்கள், ஐகேயிலிருந்து எலும்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பும் எஃப்கேக்கு மாறும் வசதி என அனிமேட் செய்ய மிக வசதி. ஆனால் அது உருவாக்கும் நூற்றுக்கணக்கான எலும்புகளில் மெஷ்ஷை இழுப்பவை ஒரு பகுதிதான். மற்றவை கட்டுப்பாட்டுக்கும் இடைவேலைக்கும். அதுமட்டுமல்ல, இழுக்கும் எலும்புகளின் தாய்-சேய் வரிசையும் எஞ்சின் எதிர்பார்க்கும் சங்கிலியாக இருக்காது. எக்ஸ்போர்ட்டில் 'டிஃபார்ம் எலும்பு மட்டும்' என்று தேர்ந்தெடுத்தாலும் குழப்பம் மிச்சம் இருக்கும். ஆட்டோ-ரிக் ப்ரோ என்ற கட்டண ஆட்-ஆன் இதை எஞ்சினுக்கேற்ற வடிவில் சீராக்கித் தருகிறது, வேலையாகச் செய்கிறவர்கள் வாங்கலாம். கற்கும்போது 16 எலும்பைக் கையால் வைத்து, கால்களுக்கு மட்டும் ஐகே போட்டுக்கொள்வதே போதும். இடதுபக்க எலும்புகளின் பெயர் முடிவிலும் வலதுபக்க எலும்புகளின் பெயர் முடிவிலும் பக்கக் குறியை மறக்காமல் போடுங்கள். அது இருந்தால்தான் ஒரு பக்கம் செய்த வெயிட்டையும் போஸையும் மறுபக்கத்துக்குக் கண்ணாடி போலத் திருப்ப முடியும்.

அசைவு: கையாலா, பிடித்ததா

ஒரே எலும்புக்கூடு இருந்தால் ஒரே அசைவைப் பல உருவங்களுக்குப் போடலாம் என்பதுதான் எலும்பு முறையின் பெரிய வரம். 1996இல் வந்த குவேக் கேமில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் புள்ளிகளின் இடத்தையே சேமித்து வைத்தார்கள். 1998இல் ஹாஃப்-லைஃப் கேம் எலும்புகளோடு வந்தது. மோஷன் கேப்சர் நூலகங்கள் இன்று இவ்வளவு பயன்படுவது இந்த முறையால்தான். கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் 2,500க்கும் மேற்பட்ட பதிவுகளை இலவசமாகத் தந்திருக்கிறது.

ஆனாலும் முதல் நடையை நீங்களே கையால் செய்யுங்கள். நான்கு நிலைகள்: பாதம் தரையைத் தொடுவது, எடை இறங்கி உடம்பு தாழ்வது, ஒரு கால் மறுகாலைக் கடப்பது, உடம்பு எழுவது. நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் ஒரு காலடிக்கு 12, இரண்டு காலடிக்கு 24. தொடுவதை 1இலும் 13இலும் வைத்து, 25ஐ 1இன் நகலாக்கினால் சுழற்சி மூடும். எக்ஸ்போர்ட் செய்யும்போது 24வது ஃப்ரேமோடு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஒரே போஸ் இரண்டு முறை வந்து ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்ன விக்கல் தெரியும்.

பிறகு எஞ்சினில் பாதம் வழுக்கும். எல்லோருக்கும் வழுக்கும், அது வெறும் கணக்கு. உங்கள் நடையில் ஒரு நொடியில் இரண்டு காலடி, மொத்தம் 1.4 மீட்டர் தாண்டுகிறது என்று வையுங்கள். நிரலில் வேகத்தை நொடிக்கு 2 மீட்டர் என்று கொடுத்தால் ஒவ்வொரு நொடியும் 0.6 மீட்டர் பனியில் சறுக்குவது போல இருக்கும். நிரலின் வேகத்தை 1.4 ஆக்குங்கள், அல்லது அசைவை 1.43 மடங்கு வேகத்தில் ஓட்டுங்கள். அல்லது ரூட் எலும்பே உருவத்தை நகர்த்தட்டும். தரவிறக்கிய அசைவை மட்டும் பயன்படுத்துகிறவருக்கு இந்த 1.4 எங்கே இருக்கிறது என்று தெரியாது, கையால் செய்தவர் பாதத்தை வைத்த இடத்தை அளந்து சொல்லிவிடுவார். முதல் நடைக்குப் பிறகு மோஷன் கேப்சரைத் தாராளமாக எடுங்கள். இயற்பியலைக் கணக்கில் கொண்டு போஸ் அமைக்க உதவும் கேஸ்கடியரும் குதித்தல், சண்டை போன்றவற்றுக்கு நன்றாக இருக்கிறது.

எஞ்சினும் கோப்பு வடிவமும்

உங்களுக்கு ஏற்கெனவே ஒரு எஞ்சின் பழக்கம் என்றால் அதிலேயே இருங்கள். இனிமேல்தான் தொடங்கப்போகிறீர்கள், அதுவும் கதாபாத்திரம் கற்கத்தான் என்றால், நான் கோடோவைச் சொல்வேன். கணினியில் பிளெண்டரும் இருந்தால் கோடோ 4 பிளெண்டர் கோப்பை நேரடியாகவே திறக்கும். வெயிட்டைத் திருத்திச் சேமித்துவிட்டு எஞ்சினுக்குத் திரும்பினால் மாற்றம் அங்கே இருக்கும். தவறுக்கும் கண்ணுக்கும் நடுவே இவ்வளவு குறைந்த தூரத்தை நான் வேறு எஞ்சினில் பார்க்கவில்லை. உள்ளே அது ஜிஎல்டிஎஃப் வழியாகத்தான் போகிறது. குரோனோஸ் குழுமத்தின் திறந்த வடிவம் அது, 2.0 பதிப்பு 2017இல் வந்தது.

யூனிட்டியும் அன்ரியலும் பழகிய பாதை எஃப்பிஎக்ஸ். அது ஆட்டோடெஸ்குக்குச் சொந்தமான மூடிய வடிவம். அதன் அதிகாரபூர்வக் கருவித்தொகுப்பின் உரிமம் பிளெண்டரின் உரிமத்தோடு ஒத்துப்போகாததால் பிளெண்டர்காரர்கள் அதைத் தாங்களே ஆராய்ந்து எழுத வேண்டியிருந்தது. அங்கங்கே தலைவலி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். உருவம் நூறு மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வந்தால், பிளெண்டரில் ஸ்கேலை அப்ளை செய்தீர்களா, அளவு மீட்டரா சென்டிமீட்டரா என்று பாருங்கள், அன்ரியல் சென்டிமீட்டரில் கணக்குப் போடுகிறது. மல்லாந்து படுத்திருந்தால் அச்சு: பிளெண்டருக்கு மேல்திசை இசட், யூனிட்டிக்கு ஒய். ஒவ்வொரு விரல் நுனியிலும் தேவையில்லாத எலும்பு முளைத்திருந்தால் 'லீஃப் எலும்பு சேர்' என்ற தேர்வு இயல்பாகவே போடப்பட்டிருக்கும், எடுத்துவிடுங்கள்.

அசைவை ஒரு உருவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதில் மூன்றும் இப்போது நன்றாகவே இருக்கின்றன. யூனிட்டியின் ஹியூமனாய்ட் முறை எளிது. அன்ரியல் 5இன் ஐகே ரீடார்கெட்டர் நுணுக்கமானது, பழக நாளாகும். கோடோ 4இல் எலும்புப் பெயர்களைப் பொருத்தி வைத்தால் போதும். உண்மையான மனித முகம், பெரிய கதைக்காட்சி என்றால் அன்ரியலை விட்டால் வேறு வழி தேட வேண்டாம்.

கடைசியாக, நாய், குதிரை, சிலந்தி என்று நாலு கால், எட்டுக் கால் உயிர்களைச் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு. மிக்ஸமோ உங்களைத் திருப்பி அனுப்பிவிடும், யூனிட்டியின் ஹியூமனாய்ட் ஏற்காது, அதில் ஜெனரிக் என்ற பொது வகையை வைக்க வேண்டும். ரிகிஃபையில் குதிரை, ஓநாய், பூனை, பறவைக்கு மாதிரி எலும்புகள் இருக்கின்றன, அளவு பார்க்க அவற்றைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். குதிரையின் பின்காலில் பின்னோக்கி வளைந்திருப்பது முழங்கால் இல்லை, அது கணுக்கால். முழங்கால் மேலே வயிற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எலும்பை அந்த இடத்தில் வைத்து, மூன்று வரிசை, 0.85, 0.5, 0.15 என்று வெயிட் கொடுத்து மடக்கிப் பாருங்கள், தீப்பெட்டிப் பொம்மையின் முழங்கையில் செய்தது அப்படியே வேலை செய்யும்.